ஆறாம் நிலை எழுத்தர் ஃபில்ஃபில்

ஒரு கடற்சிங்கத்திடமிருந்து குழந்தையின் செருப்பைத் திரும்ப வாங்க எத்தனை கையெழுத்து வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? ஒன்றும் வேண்டாம் என்பீர்கள். அப்படியென்றால் நீங்கள் எங்கள் அலெக்சாந்திரியாவின் அரசு கடல் உயிரினப் பூங்காவுக்கு வந்ததில்லை.

அன்று ஷம்முந்நசீம். வசந்தத்தை வரவேற்க நாடே புல்லில் உட்கார்ந்து உப்புமீனும் பச்சை வெங்காயமும் தின்னும் நாள். தின்னாதீர்கள் என்று அமைச்சகம் வருடந்தோறும் அறிக்கை விடும். அதைப் படித்த பிறகுதான் மீன் வாங்கவேண்டும் என்ற நினைவே எங்களுக்கு வரும். எங்கள் கிராமத்திலிருந்து ஒரு பேருந்து பிடித்து வந்திருந்தோம். நான்கு மணிக்குத் திரும்பவேண்டும்.

என் ஐந்து வயது மகள் நவ்வாராவுக்குப் புதுச் செருப்பு, மிதித்தால் விளக்கெரியும் ரகம். இந்த வருடம் கால் மினுங்காத பிள்ளை பிள்ளையே இல்லை. ஒன்றைக் கழற்றி ஃபில்ஃபில் என்ற கடற்சிங்கத்துக்குக் காட்டினாள். செருப்பு கை தவறிக் குளத்தில் விழ, ஃபில்ஃபில் அதைக் கவ்விக் கரைப்பாறைக்குக் கொண்டுபோய் அதன் மேலேயே படுத்துக்கொண்டது.

"செருப்பு இல்லாம பஸ் ஏறமாட்டேன்!" என்று தரையில் உருண்டாள் மகள். மணி இரண்டரை.

தொலைந்த பொருள் ஜன்னலில் மதாம் நாஹித் சாயமுட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"அதோ, ஃபில்ஃபிலுக்கு அடியில மினுங்குது பாருங்க மதாம்!"

"தெரியுதே. அப்ப அது தொலையலையே தங்கச்சி."

"தொலைஞ்சதா வெச்சுக்கோங்களேன்."

"பொய் எழுதச் சொல்றியா? தவறாம நோன்பு பிடிக்கிறவ நான்!"

பூங்கா இயக்குநர் உஸ்தாத் வகீஹிடம் போனேன். அவர் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார்.

"பொருள் இப்ப ஊழியர் பொறுப்புல இருக்கு. அவரு கையெழுத்துப் போடணும்."

"எந்த ஊழியர்?"

"ஃபில்ஃபில்தான். வாங்கின வருஷம் பட்ஜெட்டுல மிருகத்துக்குன்னு தலைப்பே கிடையாது. எழுத்தர் பணியிடம் ஒண்ணு காலியா இருந்துச்சு. ஆறாம் நிலையில நியமிச்சுட்டோம். இதுவரைக்கும் ஒரு புகார் இல்ல."

"அது கையெழுத்துப் போடுமா உஸ்தாத்?"

"துடுப்பை மையில ஒத்திப் பதிக்கும். காட்சியில தினம் செய்யுது. கைநாட்டு சட்டப்படி செல்லும். பயிற்சியாளர் விடுமுறை, நீயே போய் வாங்கிட்டு வாம்மா."

மைப்பெட்டியும் படிவமுமாகப் பாறையருகே போய், "ஐயா, கொஞ்சம் தயவு பண்ணுங்க" என்றேன். ஃபில்ஃபில் படிவத்தைப் பார்த்தது. பிறகு என் சாப்பாட்டுக் கூடையைப் பார்த்தது. பிறகு வானத்தைப் பார்த்தது. ரேஷன் அலுவலகம் ஏறி இறங்கியவளுக்கு அந்தப் பார்வை தெரியாதா? புகையூட்டிய மீன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, படிவத்துக்கு அடியில் நகர்த்தினேன். மீன் போன இடம் தெரியவில்லை. பளீரென்று கைநாட்டு விழுந்தது. மூக்கால் செருப்பைத் தள்ளிவிட்டது.

பின்னால் வந்து நின்ற வகீஹ் நெகிழ்ந்துபோனார். "முறையா நியமிச்ச ஊழியர்தான். சந்தேகமே இல்ல."

"எவ்வளவு நேரமாச்சு?" என்றார் பக்கத்தில் உப்புமீன் தின்றுகொண்டிருந்தவர்.

"ரெண்டு நிமிஷம். ஒரே ஒரு மீன்."

"ஒண்ணேதானா! நாளைக்கு வான்னு சொல்லலையா?"

சேதி புல்வெளி முழுக்கப் பரவியது. எங்கள் நாட்டில் மனு இல்லாமல் யார் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள்? கைப்பையிலிருந்தும் சட்டைப்பையிலிருந்தும் காகிதங்கள் வெளியே வந்தன. வரிசை ஐஸ்க்ரீம் கடை வரை நீண்டது. இதற்கும் கடற்சிங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் மட்டும் என்ன? நவ்வாரா பெயரை ரேஷன் அட்டையில் சேர்க்க ஐந்து வருடமாய் அலைகிற மனுவை எடுத்துக்கொண்டு, "நான்தான் முதல்ல வந்தவ!" என்று இரண்டு பேரை இடித்துத் தள்ளினேன்.

நான்கு மணிக்கு எங்களைத் திட்ட வந்த பேருந்து ஓட்டுநர், வரிசையைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்த் தன் உரிமப் புதுப்பித்தல் மனுவோடு வந்து கடைசியில் நின்றார்.

அப்போது என் தோளை யாரோ தொட்டார்கள். உஸ்தாத் வகீஹ். அக்குளில் எண்ணெய் ஊறிய பொட்டலம், கையில் மஞ்சள் கோப்பு.

"உம்மு நவ்வாரா," என்று, நவ்வாராவின் அம்மா என்ற மரியாதையோடு, தணிந்த குரலில் அழைத்தார், "என் பதவி உயர்வு ஒன்பது வருஷமா கிடக்கு. உனக்கு அவரு பழக்கம். என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லி வையேன்மா."