சீட்டுக் கட்டிய ஆவாரை

வீட்டுக்கொரு ஆவாரஞ்செடி வளர்த்தாலொழிய தேசம் முன்னேறாது என்று வளர்ச்சி ஆபீசில் தீர ஆலோசித்து முடிவு செய்தார்கள். அந்த முடிவைச் சைக்கிளில் வைத்து ஊருக்குள் கொண்டுவந்தவர் கிராம சேவக் சின்னப்பராஜ்.

குப்பாயிக்குச் சிரிப்பு வந்தது. அவள் வாசலோரம் ஆவாரை மஞ்சமஞ்சேலென்று பூத்து நின்றது. பொங்கலுக்கு முந்தின நாள் கூரையில் செருகிக் காப்புக் கட்ட ஊரே அவளிடம்தான் பூக் கேட்டு வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"எங்கூட்டுல இருக்குதுங்க சாமி, எழுதிக்கோங்க."

சின்னப்பராஜ் பதிவேட்டைத் திறந்தார். "நட்ட தேதி?"

"நடலீங்க. தானா மொளச்சதுங்க."

"தானா முளைச்சா அது களை. ஏழு நாளைக்குள்ள பிடுங்கிடணும். அந்த இடத்துக்கு சர்க்கார் ஆவாரை வரும்."

"ஆவாரையப் புடுங்கிப்போட்டு ஆவாரை நடறதுங்களா? இதையே நட்டதா எழுதிப்போடுங்களேன்!"

"பொய் எழுதச் சொல்றியாம்மா? நான் சர்க்கார் உத்தியோகஸ்தன்!" என்று பதறிய சின்னப்பராஜ், இன்னும் வந்தே சேராத முந்நூறு செடிகளும் நன்கு வேரூன்றிவிட்டதாக அங்கேயே நின்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உசுரே போனாலும் என் செடியத் தொட உடமாட்டேன்" என்றாள் குப்பாயி. சொன்னபடி ஆறு நாள் காவலும் இருந்தாள். அதற்குள், களையில்லாத சிறந்த வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு தகர வாளி பரிசு என்று தண்டோரா போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கமலவேணி வேலியோரத்து ஆவாரையைக்கூட மிச்சம் வைக்காமல் வெட்டி எறிந்தாள். அந்த வாளி கமலவேணி கிணற்றடியில் இருப்பதை நினைத்தாலே குப்பாயிக்கு வயிறு எரிந்தது. ஏழாம் நாள் கடப்பாரையை எடுத்தாள். அழுதுகொண்டேதான் பிடுங்கினாள். ஆனால் வேரோடு பிடுங்கினாள்.

மார்கழியில் லாரி வந்தது. இறங்கியதெல்லாம் குரோட்டன்ஸ். ஒவ்வொன்றின் கழுத்திலும் 'ஆவாரை' என்று சீட்டு.

"பூ எங்கீங்க?" என்றாள் குப்பாயி.

"பூக்கும்மா. மேலிடத்து உத்தரவு வரட்டும்" என்றார் சின்னப்பராஜ்.

வாளி குப்பாயிக்கே கிடைத்தது. பரிசு கொடுத்த அதிகாரி குரோட்டன்ஸை முகர்ந்து பார்த்து, "அடடா, நாட்டு மணம்!" என்றார். ஊரே கை தட்டியது. அந்தப் பொங்கலுக்கு ஊர்க்கூரையெல்லாம் குரோட்டன்ஸ் இலைதான் தொங்கியது.

மறுவருஷம் மகள் ராமாயி ஓடைக்கரையில் எங்கேயோ தப்பி நின்ற ஆவாரையில் ஒரு கைப் பூ ஒடித்துவந்தாள். குப்பாயி அதைத் தட்டிவிட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமாக் களையக் கொண்டாந்து கூரையில சொருகறயா? போய்ச் சீட்டுக் கட்டின செடியில ஒடிச்சுட்டு வா சாமி!"