உருண்டைக் காரும் சப்பட்டைக் காரும்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். உயிரே போனாலும் சரி, சப்பட்டைக் காரை ஓட்டமாட்டேன்.

இதை நான் போர்ட் பிளேரில், டெலானிபூர் ஏற்றத்தில், என் வீட்டு வாசலில் நின்று, வலது கையை உயர்த்திச் சத்தியமாகச் சொன்னேன். கேட்டவர்கள் இரண்டு பேர். பக்கத்து வீட்டு ஆடும், என் மனைவி விசாலாட்சியும். ஆடு மட்டும் நிமிர்ந்து பார்த்தது.

என் பெயர் திருநாவுக்கரசு. தொழில் டிரைவர். நான் சொல்வது அறுபத்தொன்பதாம் வருடத் தொடக்கம். அபர்தீன் பஜாரில் அரிசியும் துணியும் விற்ற ஜெய்னுதீன் சாயபுவிடம் எனக்கு வேலை. வெளியில் நான் நாவுக்கு அரசன்தான். கார் விஷயத்தில் என்னைப் பேசி ஜெயித்தவன் அந்தத் தீவில் கிடையாது. வீட்டில் நாவுக்கு அரசி வேறு ஆள்.

என் சத்தியத்துக்குக் காரணம் ஒரு போட்டோ. மெட்ராஸில் இருக்கும் சாயபுவின் மச்சான் கப்பல் தபாலில் அனுப்பியது. அங்கே ஏதோ வெளிநாட்டுத் தூதரகத்து அதிகாரி ஊருக்குத் திரும்புகிறாராம். காரை விற்கிறாராம். புத்தம் புது மாடலாம். இத்தனை சொகுசான வண்டி இந்தியாவிலேயே நாலைந்துதான் இருக்குமாம். சாயபு படத்தை என்னிடம் நீட்டினார்.

"எப்படி இருக்கு, நாவுக்கரசு?"

நான் நேராகப் பார்த்தேன். பக்கவாட்டில் பார்த்தேன். தலைகீழாகவும் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது.

"முதலாளி, இதுல முன்பக்கம் எது, பின்பக்கம் எது?"

"லைட் இருக்கிறது முன்பக்கம்பா."

"ரெண்டு பக்கமும் லைட் இருக்கே."

சாயபு படத்தை வாங்கித் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

எங்களிடம் ஏற்கெனவே இருந்த காரைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். ஐம்பத்தெட்டில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்தது. அப்போதே அதற்குப் பத்து வயது. என்ன கம்பெனி என்று கேட்காதீர்கள். மூக்கில் பதித்திருந்த பெயரை உப்புக்காற்று எழுத்து எழுத்தாகத் தின்றுவிட்டது. அழகிக்குப் பெயர் எதற்கு? முன்னால் நின்று பார்த்தால் பல் தெரியச் சிரிக்கும். விளக்குகள் இரண்டும் லேசாக ஆச்சரியப்பட்ட கண்கள். மட்கார்டு முன் சக்கரத்தின் மேல் எழும்பி, கதவோரமாக மெல்ல இறங்கி, பின் சக்கரத்தின் மேல் மறுபடி எழும்பும். கரைக்கு வருகிற அலை அப்படித்தான் வரும். கையால் தடவிக்கொண்டே போனால் ஓர் இடத்திலும் விரல் தடுக்காது. மழைத்தண்ணீர் எந்த வழியாக வழிந்து இறங்கவேண்டும் என்று எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான். யோசித்தவன் அவசரத்தில் இல்லை.

படத்தில் இருந்ததோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கார். தோள் இல்லை. கன்னம் இல்லை. இடுப்பு இல்லவே இல்லை. யாரோ இஸ்திரி போட்டு மடித்து வைத்தது போலிருந்தது.

"மேல ஒரு தாளைச் சுத்தினா பிஸ்கோத்து டப்பா, முதலாளி," என்றேன். "நம்ம இஞ்சினை ஒரு தடவை பிரிச்சு வேலை பாத்துட்டா உருண்டை இன்னும் இருபது வருஷம் ஓடும்."

"ஓடறதைவிட நிக்கிறது அதிகமா இருக்கேப்பா. இப்ப சீமையிலயே எல்லாம் இப்படித் தட்டையாத்தான் வருதாம். டேஸ்ட் மாறிடுச்சுங்கிறான் மச்சான்." சாயபு தாடியைத் தடவினார். "எதுக்கும் வீட்ல கேட்டுச் சொல்றேன்."

வீட்டில் கேட்டு! அந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. சாயபு வீட்டில் அவர் மனைவி லத்தீபாம்மா வைத்ததுதான் சட்டம். அந்த லத்தீபாம்மாவுக்கு ஜாக்கெட் தைப்பது என் விசாலம். அளவெடுக்கும்போது ஊசி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சொல்வதைத்தானே எவரும் கேட்பார்கள்?

"விசாலம், ஒரு உதவி."

"ஏன், ஆடு முடியாதுன்னுடுச்சா?"

"விளையாடாதே. நீ லத்தீபாம்மாகிட்டப் போயி மூணு விஷயம் சொல்லணும். ஒண்ணு, பழைய கார் மாதிரி அழகு இனிமே பொறக்காது."

"பொறக்காது."

"ரெண்டு, உருண்டையிலேர்ந்து அவங்க இறங்குனா பஜாரே திரும்பிப் பாக்குது. இதுலேர்ந்து இறங்குனா, யாரோ பொட்டிக்குள்ளேர்ந்து வர்றாங்கன்னு நினைப்பாங்க."

"பொட்டி. சரி."

"மூணு, இந்தக் காலத்துக் காருக்கு முகமே கிடையாது. முகமில்லாத வண்டி வாசலுக்கு வந்தா வீட்டோட முகராசி போயிடும்."

"அழகு, பொட்டி, முகராசி." விசாலம் விரல் விட்டு எண்ணினாள். "ஏங்க, காலம் மாறுனா எல்லாம் மாறத்தானே செய்யும்? போன வருஷம் லத்தீபாம்மா பஃப் கை வேணும்னாங்க. இந்த வருஷம் அதையே பிரிச்சுக் குட்டைக் கையா மாத்தச் சொல்றாங்க."

"ஜாக்கெட்டும் காரும் ஒண்ணா?"

"ரெண்டுக்கும் பாடி உண்டுல்ல?"

"அழகுங்கிறது வளைவுல இருக்கு, விசாலம். நேர்கோட்டுல என்ன இருக்கு?"

"உங்க முதுகுகூடத்தான் வளைஞ்சு போச்சு. ஒரு நாளாவது அழகுன்னு சொல்லியிருக்கேனா?"

ஆனாலும் போனாள். அது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஏனென்றால் அந்தக் காரை அவள் 'மூத்த தாரம்' என்றுதான் சொல்லுவாள். கார் வந்தது ஐம்பத்தெட்டில். இவள் கழுத்தில் நான் தாலி கட்டியது அறுபதில். "நான் ரெண்டாவதா வந்தவதானே," என்று கல்யாணமான வாரமே சொன்னவள் அவள்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். கையில் ஒரு பாத்திரம் நிறைய தேங்காய்ப்பால் இனிப்பு வட்டலப்பம்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"மூணையும்?"

"வரி மாறாம."

"என்ன சொன்னாங்க?"

"பிலகுல் சரி, நூத்துக்கு நூறுன்னாங்க. உக்காந்து சாப்பிடுங்க."

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல விடிந்ததும் சாக்கை எடுத்துக்கொண்டு போய், உருண்டைக்கு அடியில் விரித்துப் படுத்து, "பயப்படாதே, இளையவ உன்னைக் காப்பாத்திட்டா," என்று நானே அதற்குச் சேதி சொன்னேன். பதிலுக்கு அது என் நெற்றியில் ஒரு சொட்டு ஆயில் விட்டது.

ஒன்றரை மாதம் போயிற்று. மெட்ராஸ் கப்பல் சாத்தம் ஜெட்டியில் கட்டியதும் சாயபு வண்டியை எடுக்கச் சொன்னார். அரிசி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஜெட்டியில் ஒரே கூட்டம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கப்பலின் கிரேன் கயிற்றில், வானத்துக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை நிறம். நாலு சக்கரம்.

"க்யா சீஸ் ஹை!" என்று வியந்தார் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்த பெங்காலிக்காரர் ஒருவர். கூட்டம் கைதட்டியது. பதினோரு வருடங்களுக்கு முன் இதே ஜெட்டியில் உருண்டை இறங்கியபோதும் இப்படித்தான் தட்டினார்கள். இப்போது அது அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றது. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னால் போய் அதன் மட்கார்டைத் தடவிக்கொடுத்தேன்.

"நாவுக்கரசு," என்றார் சாயபு, "உன் வீட்டுக்காரிக்கு நான் சலாம் சொன்னேன்னு சொல்லு. அவ வந்து பேசிட்டுப் போனதுலேர்ந்து லத்தீபா ஒத்தக் கால்ல நின்னுட்டா. 'இதை வாங்கலைன்னா அடுத்த கப்பல்ல நான் ஊருக்குப் போறேன்'னு ஒரே அழுகை."

டெலானிபூர் ஏற்றத்தை நான் ஓடியே ஏறினேன். விசாலம் தையல் மெஷினில் இருந்தாள்.

"மூணு விஷயம் சொல்லச் சொன்னேனே!"

"சொன்னேனே. அழகு, பொட்டி, முகராசி."

"அப்புறம் எப்படிச் சப்பட்டை வந்துச்சு?"

"நாலாவதா ஒண்ணு நானாச் சொன்னேன்."

"என்ன அது?"

மெஷின் நின்றது.

"போன ஆடி மாசம் சாத்தம் பாலத்துல உங்க மூத்தவ நின்னுட்டா. மூணு மணி நேரம் மழையில அடியில படுத்துக் கிடந்தீங்க. ஞாபகம் இருக்கா? அப்புறம் பதினாலு நாள் காய்ச்சல். நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுன்னு டாக்டர் சொன்னாரு. மெயின்லேண்டுக்கு எங்க அண்ணனுக்குத் தந்தி குடுத்தேன். அண்ணன் புறப்படத் தயார். கப்பல் இல்லை. பன்னெண்டு நாள் கழிச்சுத்தான் கப்பல். அந்தப் பன்னெண்டு நாளும் உங்க தலைமாட்டுல நான் ஒருத்திதான் உக்காந்திருந்தேன். அதைச் சொன்னேன்."

"அதான் பொழைச்சுட்டேனே..."

"நீங்க பொழைச்சிட்டீங்க." அவள் நூலை இழுத்து அறுத்தாள். "கல்யாணமாகி ஒம்போது வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க வீட்ல இருந்ததில்லை. பின்னாடி உக்காந்தா சொகுசு, அடியில படுத்தா கொசு. முதலாளிக்குச் சொகுசு, உங்களுக்குக் கொசு. இந்த ஊர்ல எனக்குன்னு என்ன இருக்கு? கடல் இருக்கு. நீங்க இருக்கீங்க. நீங்களும் போயிட்டா கடலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

நாவுக்கு அரசன் நான், குனிந்து அவள் அறுத்துப்போட்ட நூலைப் பொறுக்கினேன்.

"மூத்தவ அழகில்லைன்னு நான் எங்கயும் சொல்லலை," என்றாள் கொஞ்சம் தணிந்த குரலில். "அழகுதான். நானே பொறாமைப்பட்டிருக்கேன். ஆனா ஆளை முழுசா வீட்டுக்கு அனுப்பமாட்டேங்கிறாளே."

"ஆனா விசாலம், சப்பட்டையை ஓட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"ஆட்டுகிட்டதானே பண்ணுனீங்க? அதை பக்ரீதுக்கு வித்துட்டாங்க. சாட்சி இல்லை. போயி ஓட்டுங்க."

ஓட்டினேன். சாவியைத் திருகியதும் புறப்பட்டுவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. உருண்டையை நான் தினமும் கெஞ்சவேண்டும், கொஞ்சவேண்டும், வெந்நீர் ஊற்றவேண்டும். இதற்கு என் தயவே தேவையில்லை. டெலானிபூர் ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஏறியது. திட்டுவதற்கு ஒரு குறை தேடினேன். அந்த வாரம் முழுக்கத் தேடினேன். குறைக்குப் பதிலாகக் கிடைத்தது ஒன்றுதான். வாசல் கதவு மாதிரி அகலமான கண்ணாடிகள். மின்னி பே பக்கம் திரும்பியபோது மொத்தக் கடலும் வண்டிக்குள் வந்துவிட்டது. உருண்டையில் உட்கார்ந்தால் கண்ணாடி வழியாகக் கடல் ஒரு தாம்பாளம் அளவுதான் தெரியும். அழகாக இருப்பது ஒரு கார், அழகைக் காட்டுவது ஒரு கார் என்று தோன்றியது. இதை நான் விசாலத்திடம் சொல்லவில்லை. சொன்னால் ஜாக்கெட்டில் கொண்டுபோய் முடித்திருப்பாள்.

உருண்டை இரண்டு மாதம் சாயபுவின் கிடங்கில் கிடந்தது. பிறகு எதிர்க்கரை பம்பூபிளாட் ஊர்க்காரர் ஒருவர் தண்ணீர் இறைக்க இஞ்சினை மட்டும் வாங்கிக்கொண்டார். மிச்சம் தகரத்துக்கு. அதைப் பிரிக்கிற நாளில் நான் வயிற்றுவலி என்று படுத்துவிட்டேன். விசாலம் ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் சுக்குக் கஷாயம் கொடுத்தாள். பொய் வயிற்றுவலிக்கு நிஜக் கஷாயம். குடித்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, என் முதுகைத் தடவிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு. அடியில் படுக்க உருண்டை இல்லாத முதல் ஞாயிறு. மீன் வாங்கி வா என்று அனுப்பினாள். வாங்கி வந்தேன். வீட்டுக்குள்ளிருந்து சுமைக்காரர்கள் இரண்டு பேர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்கள். எட்டிப் பார்த்தேன்.

கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, சுவரோரமாக, உருண்டையின் பின் சீட் இருந்தது. அதே கருஞ்சிவப்புத் தோல். நான் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து மினுக்கிய தோல்.

"என்ன இது?"

"பாத்தாத் தெரியலை? லத்தீபாம்மாகிட்டக் கேட்டேன். தகரத்தை யாருக்கு வேணா குடுங்க, சீட்டு எங்களுக்குன்னேன். உக்காருங்க."

நான் நின்றேன். பதினோரு வருடம் அந்த சீட்டை ஊர் ஊராக ஓட்டிப்போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை. மீனைக் கீழே வைத்தேன். கையைக் கழுவினேன். செருப்பைக் கழற்றினேன். உட்கார்ந்தேன். ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு விட்டு என்னை வாங்கிக்கொண்டது. விசாலமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வருடத்தின் முதல் மழை தகரக் கூரையில் விழ ஆரம்பித்தது.

அவள் சீட்டின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"இந்தத் தையலைப் பாத்தீங்களா? மெஷின் இல்லை, கைத்தையல். ஒவ்வொண்ணும் அரிசி அரிசியா. ஒரு இடத்துல தப்பலை. புதுக் கார்ல பாத்தேன், நாலு இடத்துல நூல் தொங்குது." மறு ஓரத்தையும் தடவிப் பார்த்தாள். "நீங்க சொன்னது நிஜம்தாங்க. இப்படி இனிமே எவனும் செய்யமாட்டான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கார் விஷயத்தில் அவள் என்னை ஒப்புக்கொண்டது அது ஒருமுறைதான். அவள் கையைப் பிடித்தேன். பேச வாயெடுத்தேன்.

"விசாலம்..."

அவள் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். காலை நீட்டினாள். சாயபுவைப் போலவே தலையை நிமிர்த்தி நேரே பார்த்தபடி சொன்னாள்:

"டிரைவர், வண்டியை அடுப்படிப் பக்கமா விடுங்க. டீ வேணும்."

சர்க்கரை எத்தனை கரண்டி என்று மட்டும் கேட்டேன்.