மூக்கின் மேல் முத்திரை

அட்டையிலிருந்த பையனின் மூக்கின் மேல் தன் பெயர் சிவப்பாகப் பதிந்திருப்பதைப் பார்த்ததும் துணைத் தலைமையாசிரியர் குராமோச்சி எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

அட்டை அவருடையதில்லை. செவ்வாய்க்கிழமை, எட்டாம் வகுப்புப் பெண் வகானாவின் புத்தகத்துக்குள்ளிருந்து பறிமுதல் செய்தது. சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவுதான் இருக்கும். பதினைந்து வயசுப் பையனும் பெண்ணும் லிஸ்பன் நகரத்து மஞ்சள் டிராமில் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்ளும் படம். ‘டிராமில் உன் பக்கத்து இருக்கை காலியா?’ என்ற சினிமாவைத் தியேட்டரில் போய்ப் பார்க்கிறவர்களுக்கு உறையில் போட்டு இலவசமாகத் தருவது. ஆறு விதம் உண்டு. யாருக்கு எது வரும் என்பது அவரவர் தலையெழுத்து.

“இந்த வயசுல காதல் கேட்குதா? அதுவும் வெளிநாடு போய்?” என்று வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டிருந்தார் குராமோச்சி.

“படத்துலதான் சார் அவங்க வெளிநாடு போறாங்க. நான் இங்கதானே இருக்கேன்.”

வகுப்பு சிரித்தது. மலையடிவாரத்துச் சின்னப் பள்ளிக்கூடம் அது. அங்கே துணைத் தலைமையாசிரியர் எதிரில் யாரும் சிரித்து வழக்கமில்லை.

“திங்கட்கிழமை உங்கம்மா வரட்டும். அவங்க கையில கொடுக்கறேன்.”

“சார், அது நாலாம் நம்பர். கிடைக்கவே கிடைக்காது. பத்திரமா இருக்கும்ல?”

“நான் எடுத்த பொருளை எடுத்தபடியே திருப்பித் தருவேன். ஒரு கீறல் விழாது.”

கீறல் விழவில்லை என்பது உண்மைதான். விழுந்தது முத்திரை.

அன்றைக்கு அவர் கையில் ஆசிரியர்களுக்கான சுற்றறிக்கைப் பலகை இருந்தது. அட்டையை அதன் கிளிப்பில் செருகிக்கொண்டு அறைக்கு வந்தார். பனி வாருகிற ஆளிடமிருந்து தொலைபேசி. பேசிக்கொண்டே பலகையைச் சுற்றுக்கு அனுப்பிவிட்டார். தீயணைப்புப் பயிற்சி, புதுப் பனிமண்வெட்டி, வருஷக் கடைசியில் பிள்ளைகளுக்கு என்ன படம் காட்டுவது என்று யோசனை கேட்ட தாள், எல்லாம் அதில் இருந்தன. ஐந்து ஆசிரியர்களும் கையெழுத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு பெயர் முத்திரை வைத்து, பிறகு குராமோச்சி வைத்து, கடைசியில் தலைமையாசிரியர் வைத்தால் விஷயம் முடிவான மாதிரி.

குராமோச்சி முத்திரை வைக்கிற வேகம் பிரசித்தம். இடது கையில் தொலைபேசி, வலது கையில் முத்திரை. தேநீர் ஆறுவதற்குள் ஒரு கத்தையே முடிந்துவிடும்.

வியாழக்கிழமை பலகை திரும்பி வந்தபோதுதான் பார்த்தார். லிஸ்பன் வானத்தில் ஐந்து முத்திரைகள் வரிசையாக, முகங்களைத் தொடாமல் உட்கார்ந்திருந்தன. தலைமையாசிரியருடையது கீழே டிராம் சக்கரத்துக்குப் பக்கத்தில். அவருடையது மட்டும் பையனின் மூக்கில்.

‘ஏழு பேர்ல ஒருத்தராவது கண்ணைத் திறந்து பார்க்கக் கூடாதா!’ என்று அந்த ஐந்து பேரையும் தலைமையாசிரியரையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தார். ஏழில் தானும் ஒருவர் என்று நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

முதலில் ரப்பரால் தேய்த்தார். முத்திரை போகவில்லை, மூக்கு போனது. ஆய்வுக்கூடத்திலிருந்து ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒற்றினார். காதலர்கள் இருவரும் கரைந்து ஒன்றாகிவிட்டார்கள். படத்திலேகூட அத்தனை நெருக்கம் கிடையாது. கதவுக்கு வெளியே காலடி கேட்கவும், பயத்தில் அட்டையைக் காகிதம் கிழிக்கிற யந்திரத்தில் போட்டுவிட்டார்.

இனி ஒரே வழி. படத்துக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமை ரயிலேறி இரண்டு மணி நேரம் தள்ளியிருந்த மட்சுமோட்டோவுக்குப் போனார். முகக்கவசம், மீன்பிடிக்கிற தொப்பி, உள்ளே வேர்வை. போன மாதப் பள்ளிச் செய்தித்தாளில் ‘இத்தகைய படங்கள் பிஞ்சு மனங்களைப் பழுக்க வைக்கின்றன’ என்று அவரேதான் எழுதியிருந்தார். படத்தைப் பார்க்காமலே எழுதியது.

“எந்தப் படம் சார்?” என்றாள் டிக்கெட் கொடுக்கிற பெண்.

“அது... டிராம் படம்.”

“முழுப் பேரும் சொல்லுங்க சார். டிராம் படம் ரெண்டு ஓடுது.”

குராமோச்சி குனிந்து, கிசுகிசுப்பாக, “டிராமில் உன் பக்கத்து இருக்கை காலியா,” என்றார். பின்னால் நின்ற மூன்று பள்ளிக்கூடப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். ஐம்பத்துநாலு வயசில் அவர் காது இவ்வளவு சூடானதில்லை.

உறையைப் பிரித்தால் இரண்டாம் நம்பர். கதாநாயகி தங்கியிருந்த வீட்டுப் பூனை.

அப்படியே திரும்பியிருக்கலாம். வாங்கின டிக்கெட்டை வீணாக்குவானேன் என்று உட்கார்ந்தார். மாணவர் பரிமாற்றத்தில் போன இரண்டு பிள்ளைகள். ஊருக்குத் திரும்ப மூன்று நாள் இருக்கிறது, பையன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். கடைசியில் அவன் டிராமின் பின்னால் ஓடினபோது குராமோச்சியின் முகக்கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. அழுததற்காக ஒரு வெட்கம். பூனை அட்டையைப் பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டதற்காக இன்னொரு வெட்கம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனார். டிக்கெட் பெண்ணின் முகத்தில் விழிக்கக் கூடாதென்று யந்திரத்தில் எடுத்தார். நேரத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் ரோஸ் நிறத்தில் ஏதோ போட்டிருந்தது. படிக்கவில்லை. பட்டனை அழுத்தினார்.

உறையில் ஆறாம் நம்பர் வந்தது. டிராம் மட்டும், ஆளே இல்லை. உள்ளே போனால் அத்தனை பேர் கையிலும் மஞ்சள் விளக்குக் குச்சி.

“ஏங்க, குச்சி கொண்டு வரலையா?” என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். நாற்பது வயசிருக்கும். மஞ்சள் தொப்பி, மஞ்சள் சட்டை.

“எதுக்குங்க குச்சி?”

“இது எல்லாரும் சேர்ந்து கத்திப் பார்க்கற காட்சிங்க! டிக்கெட்லயே போட்டிருக்கே, பார்க்கலையா? இந்தாங்க, என்கிட்ட ரெண்டு இருக்கு. சும்மா உட்கார்ந்திருந்தா அந்தப் புள்ளைக்குத் தைரியம் வராது.”

“அவன் நடிகன் தானேங்க.”

“அதை இங்க சொல்லாதீங்க. அடிக்க வருவாங்க.”

குச்சியை மடியில் வைத்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். பையன் டிராம் நிறுத்தத்தில் தலையைக் குனிந்து நின்றான். “சொல்லுடா! சொல்லிடுடா!” என்று அரங்கமே கெஞ்சியது. அவன் சொல்லவில்லை. நேற்றும் சொல்லவில்லை. குராமோச்சிக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் விளையாட்டு மைதானத்தில் பழகின குரல் தானாகவே எழுந்தது.

“தலையை நிமிர்த்து! வாயைத் திறந்து தெளிவாச் சொல்லு!”

ஒரு நொடி அரங்கம் அப்படியே அடங்கியது. பலபேருக்கு முதுகு தானாக நிமிர்ந்திருக்க வேண்டும். பிறகு விசிலும் கைதட்டலும் கூரையைப் பிய்த்தன. இருக்கைக்கு அடியில் புகுந்துகொள்ள இடமிருக்கிறதா என்று அவர் உண்மையாகவே குனிந்து பார்த்தார்.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு அட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் தொப்பிக்காரி அவரைத் தேடிப் பிடித்தாள். “என்ன குரலுங்க உங்களுக்கு! எந்த நம்பர் வேணும்?”

“நாலு. என் மகளுக்கு.” அவருக்கு மகள் கிடையாது.

“அப்பான்னா இப்படி இருக்கணும். எங்கிட்ட நாலு இருக்கு. ஆறைக் கொடுங்க.”

கொடுத்தார். இரண்டு கையாலும் நாலை வாங்கி, இடுப்பு வளைய வணங்கினார். பொய் சொல்லி வாங்கிய பொருளுக்கு அவ்வளவு ஆழமாக வணங்கியது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை வகானாவும் அவள் அம்மாவும் எதிரே உட்கார்ந்தார்கள். அம்மா ஒடிசலான ஆள். பேக்கரியிலிருந்து நேரே வந்ததால் கையில் மாவு. மஞ்சள் தொப்பிக்காரி இல்லை என்று கண்டதும் குராமோச்சிக்குப் போன உயிர் வந்தது.

“இனிமே இப்படி நடக்காதுங்க சார். வீட்டுலயும் சொல்லியிருக்கேன்,” என்று அம்மா தலை குனிந்தாள்.

“பிள்ளைங்க தப்புப் பண்ணலாம். நாம ஒழுங்கா நடந்து காட்டணும்.” குராமோச்சி உறையை மேஜையில் நகர்த்தினார். “எடுத்தபடியே தரேன்னு சொன்னேன். பார்த்துக்க. அதே அட்டை.”

வகானா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “ஒரு கீறல்கூட இல்லம்மா! சார் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாங்க.” எழுந்து நின்று வணங்கினாள். குராமோச்சியால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் வழியாகப் பனிமண்வெட்டியைப் பார்த்தார்.

கதவு தட்டப்பட்டது. அலுவலக எழுத்தர் முரோய், எப்போதும்போல மூச்சு வாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“மன்னிக்கணும் சார். ஹெச்.எம். அந்த அட்டையைக் கேட்கறார். கோப்புல சேர்க்கணுமாம்.”

“எந்த அட்டை?”

“முத்திரை வெச்ச அட்டை சார். வருஷக் கடைசிக்கு என்ன படம்னு கேட்ட தாள்ல நீங்க செருகி அனுப்பினீங்களே, லிஸ்பன் படம்! புதன்கிழமை மொத்தப் பள்ளிக்கூடமும் போறோம். பஸ் சொல்லியாச்சு. மட்சுமோட்டோ தியேட்டர்ல பேசியாச்சு. சும்மா பார்க்கற காட்சியா, கத்திப் பார்க்கற காட்சியான்னு கேட்கறாங்க.”

வகானா கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். ஒரு முத்திரையும் இல்லாத, சுத்தமான வானம். பிறகு குராமோச்சியைப் பார்த்தாள். அவள் அம்மா மாவுக் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

குராமோச்சியின் காது ரோஸாகி, சிவந்து, முத்திரை மையின் நிறத்துக்கே வந்துவிட்டது.

“முரோய்,” என்றார், குரலே எழும்பாமல், “அது தவறிப் போய் அதுல மாட்டிக்கிச்சு. யாரும் பார்க்காமலே முத்திரை வெச்சிருக்காங்க.”

“ஐயோ, எல்லாரும் பார்த்தாங்க சார்! ஹெச்.எம். மட்டும் கால் மணி நேரம் கையில வெச்சுக்கிட்டு யோசிச்சார். அப்புறம், ‘குராமோச்சியே வெச்சுட்டாரே, அவர் பார்க்காமலா வெச்சிருப்பார்’னு சொல்லிட்டுத்தான் சார் வெச்சார்.”