குடைப் பட்டறையில் குப்பைத்தொட்டி இல்லை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் நலம். பட்டறைதான் நலமில்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்பதை மரியாதை குறையாமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

போன மாதம் வந்தபோது, "மாமா, குடைத்துணியில கால்வாசி குப்பைக்குப் போகுது. பெரிய கடைக்காரங்க இப்போ அதைத்தான் முதல்ல பாப்பாங்க. தொட்டி காலியா இருக்கணும்"னு சொல்லிட்டு நீங்க பாட்டுக்கு ரயில் ஏறிட்டீங்க. மறுவாரமே, நமக்கு வருஷ ஆர்டர் கொடுக்கும் கடையிலிருந்து சோதனைக்கு ஓர் அம்மா வருவதாகக் கடிதம் வந்தது. அந்த ஆர்டர் போனால் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எனக்குக் கை கால் ஓடவில்லை. தொட்டி காலியாக இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, தொட்டிகளையே தூக்கி மொட்டைமாடியில் வைப்பது. வைத்தேன். உங்கள் அத்தை அதில் ரோஜாச்செடி நட்டுவிட்டாள்.

துண்டுத்துணியை எங்கே போடுவதென்று தெரியாமல் ஆளாளுக்கு ஒளித்தார்கள். அலமாரியில் துணி, இழுப்பறையில் துணி, என் சாப்பாட்டுப் பையில்கூடத் துணி. வெட்டு மாஸ்டரோ, "போட இடமில்லன்னா வெட்டுறப்பவே யோசிக்க வேண்டியிருக்கு முதலாளி"ன்னு துணிமேல் வெட்டு அச்சுகளை நெருக்கி நெருக்கி அடுக்க ஆரம்பிச்சிட்டார். மிஞ்சிய முக்கோணங்களை இணைத்துத் தன் சைக்கிள் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டார். மறுநாள் பன்னிரண்டு சைக்கிளுக்கும் உறை.

அந்த அம்மா வந்தார். "குப்பைத்தொட்டி எங்க?" "இல்லீங்கம்மா." முகம் மலர்ந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அலமாரியைத் திறந்தார். அத்தனை துணியும் அவர் தலையில். தோளில் கிடந்த நீலத்துண்டைத் தட்டிவிட்டு வெளியே போனார். நல்ல மழை. சைக்கிள் சீட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார், ஓர் உறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார், "எழுதுறோம்" என்று கிளம்பிவிட்டார். மாஸ்டர் அன்றைக்கு ஈரச் சீட்டில் வீட்டுக்குப் போனார்.

ஆர்டர் போயே போச்சு மாப்பிள்ளை. பன்னிரண்டு பேர் முகத்தில் விழிக்கவே கூசுகிறது. ஆகவே இனி நீங்கள் வீட்டுக்கு வரலாம், வயிறாரச் சாப்பிடலாம். பட்டறையைப் பற்றி மட்டும் வாய் திறக்க வேண்டாம்.

என் மகளும் நீங்களும் குறைவின்றி வாழ வாழ்த்தும்
மாமனார்

பி.கு.: இந்தக் கடித உறையை ஒட்டுவதற்குள் அந்த அம்மாவின் கடிதம் வந்துவிட்டது. குடை ஆர்டர் நமக்கேதான். கூடவே ஆயிரம் சீட் உறையும் வேண்டுமாம். மாஸ்டர் இப்போது வெட்டுகிற வெட்டில் துண்டே மிஞ்சுவதில்லை. நல்ல துணியைக் கிழித்துக் கழிவாக்கலாமா என்று கேட்கிறார். அடுத்த ரயிலில் வரவும். வந்து வாய் திறக்கவும்.