ரோசாவுக்கு வந்த மயிர்க்கொட்டி

கரவெட்டித் தம்பிஐயா அண்ணை தாமாகவே விரும்பிக் கந்தசட்டி விரதம் பிடித்தார் என்பதை நான் பல வருஷமாக நம்பவில்லை. சொன்னவர் அவரேதான். சந்தேகப்படுவது என்னுடைய சுபாவக் கோளாறோ என்றுகூட யோசித்திருக்கிறேன்.

அந்த வருஷம் கனடாவில் அண்ணையின் மகள் தக்சாயினிக்குத் தலைப்பிள்ளை வயிற்றில். சுகமாகப் பிறக்க வேண்டுமென்று, தாங்கள் இருவரும் ஆறு நாளும் விரதமிருப்பதாக மனைவி கமலாவதி நேர்ந்துவிட்டார். அண்ணையோ பருத்தித்துறை மீனில் வளர்ந்த உடம்பு.

"ஆறு நாள் மீனில்லாட்டில் பேரப்பிள்ளை வரமுதல் நான் போயிடுவன். நேர்ந்த ஆள் நீர். நீரே இரும்."

கமலாவதி அக்கா உடனே "ஓம்" என்றார். அங்கேயே அண்ணை பயந்திருக்க வேண்டும்.

விரதத்துக்கு முதல்நாள் காலை, முற்றத்தில் அக்காவின் சத்தம்.

"இஞ்சாருங்கோ! ரோசா முழுக்க மயிர்க்கொட்டி! மருந்தடியுங்கோ!"

எட்டிப் பார்த்தார். நேற்றுவரை ஒரு புழு இல்லாத செடி. இன்றைக்கு இலைக்கு இலை மயிர் மூடிய புழு. முதுகில் நாலு மஞ்சள் குஞ்சம். பார்த்ததுமே கழுத்து அரித்தது.

"நாளைக்குச் சட்டி தொடக்கம். உயிர்க்கொலை கூடாதெல்லே?"

"அது விரதகாரருக்கு."

"அப்ப நானும் விரதம்தான்!"

"முருகன் அறிய?"

"ஓம்... முருகன் அறிய."

அடுத்த நிமிஷம் அக்கா வேலியடியில் நின்றார். "நல்லம்மாக்கா, இவரும் இந்தமுறை சட்டி பிடிக்கிறார்!"

ஊருக்குத் தெரிந்துவிட்டது. இனி மீன்காரன் மணியடித்தாலும் பயனில்லை.

"சரி, கொல்ல வேண்டாம். சிரட்டையிலை தட்டிக்கொண்டுபோய்ப் பின்வேலி ஆமணக்கிலை விடுங்கோ. அதுகளுக்கு அந்த இலை நல்ல விருப்பம்."

மருந்தடித்திருந்தால் பத்து நிமிஷ வேலை. ஈர்க்கால் ஒவ்வொன்றாகத் தட்டி, ஐம்பத்து மூன்று மயிர்க்கொட்டிகளை மீள்குடியேற்றினார். பிறகு ஆறு நாள் பாலும் பழமும். சூரன்போரன்று அவருக்குச் சூரன்மேல் இரக்கம் வந்ததாம்.

தை மாதம் பேத்தி பிறந்தாள். "என்ரை விரதமெல்லே!" என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்துவார்.

போன மாதம் அந்தப் பூச்சியைப் பற்றி வாசித்தேன். பெட்டைக்குச் சிறகே இல்லை. கூட்டின் மேலேயே முட்டையிட்டு அங்கேயே செத்துப்போகும். பொரித்த குஞ்சுப்புழு நூல்விட்டுக் காற்றில் போகலாம்; வளர்ந்தது நடக்கத்தான் வேண்டும். ஐம்பத்து மூன்று வளர்ந்த புழுக்கள் ஒரே இரவில் ஒரே செடிக்கு வருவதென்றால், யாராவது கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அண்ணையிடம் போய்க் கேட்டேன்:

"அண்ணை, அண்டைக்கு உங்களைக் கூப்பிடேக்கை அக்கா கை சொறிஞ்சுகொண்டு நிண்டவவோ?"