பெரியவர் கேட்ட காப்பி

பேயை நம்புகிறவர்களைவிட நம்பாதவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நம்புகிறவர்கள் திருநீறு, வேப்பிலை என்று ஏதாவது கைவசம் வைத்திருப்பார்கள். நம்பாதவள் வெறுங்கையோடு மாட்டிக்கொள்வாள். நான் மாட்டிக்கொண்டது பட்டப்பகலில், ரெட்டியார்சத்திரத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில்.

அப்போது ஓர் அறக்கட்டளையில் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். (பெயர்தான் பெரிது. பெருக்குவதைத் தவிர எல்லா வேலையும் என் தலையில். பஞ்சவர்ணம் அக்கா வராத நாளில் அதுவும்.) நாகல் நகரில் ஜவுளிக்கடை மாடியில் அலுவலகம், சுற்றுவட்டாரத்தில் சில கூடங்கள். ஊர்க்காரர் யாராவது இடம் தருவார், நாங்கள் நடத்துவோம். காலையில் வயதானவர்கள் வந்து பேப்பர் படித்து, பிரஷர் பார்த்துக்கொண்டு போவார்கள். மதியத்துக்கு மேல் பெண்களுக்குத் தையல். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன். சாவி உள்ளூர்க்காரரிடம் இருக்கும். இங்கே அது பஞ்சவர்ணம் அக்கா.

இந்தக் கூடம் வேலுச்சாமி என்ற பெரியவர் வாய்வார்த்தையாகத் தந்த பழைய வீடு. தந்த கையோடு அவர் காலமாகிவிட்டார். நடு அறைச் சுவரில் மாலையோடு அவர் படம். எந்த மூலைக்குப் போனாலும் கண் கூடவே வரும். நான் முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். அப்போது பிடரி குறுகுறுக்கும்.

அன்று அவர் மகன் செல்வராஜ் கோயம்புத்தூரிலிருந்து வருவதாக இருந்தது. வீட்டைத் திரும்பக் கேட்கப்போகிறார் என்று பேச்சு. கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். தையல் மெஷின்கள் தெருவுக்கு வந்துவிடும். அவர் மனம் குளிர ஒரு சின்னக் கூட்டம் வைத்தோம். அதற்காகப் புது ஸ்பீக்கர் பெட்டியும், சட்டையில் குத்திக்கொள்ளும் மைக்கும் வந்திருந்தன. காலையில் வந்த பெரியவர்களைப் பேசவைத்து நானே சோதித்துப் பார்த்தேன்.

உச்சிப்பொழுது. பெரியவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். பஞ்சவர்ணம் அக்கா பூ வாங்கப் போயிருந்தாள். கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் தெருச்சத்தமும் சேர்ந்து நின்றதுபோல் இருந்தது.

அந்த அமைதியில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

நான் என் மூச்சை நிறுத்திப் பார்த்தேன். அந்த மூச்சு நிற்கவில்லை. சன்னமாக, இழுத்து இழுத்து, படத்தின் பக்கமிருந்து வந்தது. பிறகு ஒரு இருமல்.

"வாரானாம்ல இன்னைக்கு..." என்றது ஒரு கரகரத்த குரல்.

ஓடலாம் என்றால் கால் எனக்கு வேண்டாத உறவுபோல் நின்றது. அந்த நேரம் பூக்கூடையோடு பஞ்சவர்ணம் அக்கா உள்ளே வந்தாள்.

"என்னைய ஒரு எட்டு வந்து பாக்கணும்னு அவனுக்குத் தோணுச்சா?" என்றது குரல்.

கூடை கீழே விழுந்தது. "ஆத்தாடி! இது பெரியவரு கொரல்ல!"

"அக்கா, வாங்க போயிரலாம்."

"போகக் கூடாது டீச்சர். என்ன வேணும்னு கேளுங்க. கேக்காமப் போனா கூடவே வீட்டுக்கு வந்துரும்."

(நான் எம்.எஸ்ஸி. இயற்பியல். இதை இங்கே சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

"ஐயா... என்ன வேணும்?" என்று கேட்டேன். மூச்சு மட்டும் வந்தது. அப்புறம் தெளிவாக, "காப்பி... சீனி போடாத."

பஞ்சவர்ணம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "சுகர்ல அவருக்கு! செத்தும் பத்தியத்த விடலையே!"

பின்கட்டு அடுப்பில் நான் போட்ட காப்பியில் பாதி டம்ளருக்கு வந்தது. மீதி என் சேலைக்கு. படத்தின் முன்னால் வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"ஐயா, நீங்கதான் கூடத்தக் காப்பாத்தணும். உங்க மகன் மகா கஞ்சன்னு சொல்றாங்க. அவர் மனசுல பூந்து நல்ல புத்தி குடுங்க!"

பின்னால் யாரோ செருமினார்கள். கழுத்தைத் திருப்பினேன். பளபளவென்று இரண்டு ஷூ. அதற்கு மேலே செல்வராஜ்.

அவர் வாயைத் திறக்குமுன் குரல் முந்திக்கொண்டது. "செல்வராசு... எந் தோள்ல வளந்த பய. பேசாமலே போயிட்டானே."

செல்வராஜின் முகத்தில் ரத்தமே இல்லை. "அப்பா!" என்று என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏய், இந்தச் சட்டையில கருப்பா என்னமோ தொங்குது பாரு" என்றது குரல். அடுத்த நொடி காதைக் கிழிக்கும் கீச்சொலி. படத்துக்குக் கீழே, தையல் பெண்கள் பூவேலைத் துணி போட்டு மூடி, மேலே குத்துவிளக்கு வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து. கரண்ட் போனாலும் பாட்டரியில் ஓடும் பெட்டி.

பேசியது பக்கத்து வீட்டு ராமசாமி ஐயா, இறந்தவரின் தம்பி. காலையில் நானே அவர் சட்டையில் குத்திய மைக்கோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல் என்பது ஊருக்கே தெரியும். பஞ்சவர்ணம் அக்காவுக்கும் தெரியும், பயத்தில் மறந்துவிட்டது.

செல்வராஜ் எழுந்து நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். சாவு வீட்டில் ஏதோ வார்த்தை தடித்து, அன்றிலிருந்து சித்தப்பாவிடம் பேச்சே இல்லையாம். இருவரும் அழுவதும் பெட்டி வழியே எங்களுக்குக் கேட்டது. நான்தான் போய் ஸ்விட்சை அணைத்தேன். கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள்.

"சித்தப்பா வந்து உக்கார ஒரு எடம் வேணும்ல, கூடம் இருக்கட்டும்ங்க" என்றார் செல்வராஜ். பிறகு என்னைப் பார்த்து, "அந்த மகா கஞ்சன் ஒரு இன்வெர்ட்டரும் போட்டுத் தாரான்" என்றார். நான் எங்கள் பேனரில் எழுத்துப்பிழை தேடினேன்.

பரிகாரமாக ராமசாமி ஐயாவுக்கு ஒரு டம்ளர் நீட்டினேன். "சீனி போடாத காப்பிங்க ஐயா."

அவர் விலக்கினார். "காப்பியா? எனக்கு ஆகாதே தாயி. டீதான். காப்பி நான் கேக்கலையே. அண்ணன்தான் குடிக்கும்."

பஞ்சவர்ணம் அக்கா படத்தைப் பார்த்து மெதுவாகக் கும்பிட்டாள்.

"பக்கத்துல அவர் சம்சாரம் நின்னுருக்கும். டாக்டர் காப்பி வேணாம்னு சொல்லியிருப்பார். அதான் ஐயா பொய் சொல்லிட்டார்" என்பது என் கணவரின் தீர்ப்பு. சம்சாரம் அங்கே இருந்தாரா என்று எனக்கு ஞாபகமில்லை. ஞாபகப்படுத்திப் பார்க்கவும் விருப்பமில்லை.

பிறகு சேவுகம்பட்டிக் கூடத்துக்கு மாற்றலானேன். முதல் நாளே வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். "டீச்சர், எங்க மாமியா மூக்குத்திய எங்க வச்சாகன்னு சொல்லாமலே போயிட்டாக. செத்த கேட்டுச் சொல்லுங்களேன்!"

வீட்டிலும் நிம்மதி இல்லை. கரண்ட் போனால் போதும், என் மகள் அடுத்த அறையிலிருந்து கட்டைக்குரலில், "காப்பி... சீனி போடாத" என்பாள். கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அவள் ஹாஸ்டலுக்குப் போனபிறகும் ஒரு மதியம் அந்தக் குரல் கேட்டது. கணவரும் வீட்டில் இல்லை. காப்பி போட்டுவைத்துவிட்டேன். எதற்கு வம்பு?