முந்நூற்றுப் பன்னிரு முகவதைப் படலம்

வாழி! சுழல்நாற்காலிச் செம்மலே, கம்பிவால் மவுஸை ஒற்றை விரலால் அடக்கியாளும் ஏந்தலே, உண்ட மயக்கத்தை ஒரு கொட்டாவியால் வென்ற ஆண்டகையே, வாழி! தொழிற்சாலை அலுவலகத்தின் புகைப்படக்காரனும் மேலாளரின் தங்கையைக் கைப்பிடித்த தவப்பயனால் அப்பதவி எய்தியவனுமாகிய எம் தலைவனின் வீரம் பாடப் புகுந்தோம், அவைக்கு அடக்கம்.

“இந்த வேலையையாவது உருப்படியாப் பண்றாரான்னு பாக்கலாம்” என்று தங்கையிடம் திருவாய் மலர்ந்தருளிய அம்மேலாளர், காலையிலேயே கதவருகே நின்று ஆணையிட்டார். “மாப்பிள்ளை, வாசல்ல காட்டுற அடையாள அட்டைக்கு நீங்க எடுத்து வெச்ச முந்நூத்திப் பன்னிரண்டு போட்டோவும் சாயங்காலத்துக்குள்ள வேணும். பழைய மாதிரியே இருக்கட்டும்.”

ஆகவே இது வெறும் வேலையன்று. மனைவி முன் தலைநிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் உரிமைக்கான பெரும்போர்.

பழைய மாதிரி! சிற்றறிவினராயின், அதென்ன மாதிரி என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பர். கேட்டறிவது கோழையர் வழக்கம் என்று துணிந்த எம் தலைவனோ, முகத்தின் ஆயிரம் நிறங்களையும் நாலே நிறமாக நறுக்கி, ஆளை அரைநூற்றாண்டுக்கு முந்தைய சுவரொட்டியாக்கும் அரிய வித்தையைக் கணினியில் கண்டெடுத்து, ஆரஞ்சும் நீலமும் கறுப்பும் வெளிர்மஞ்சளுமாகிய நாற்படையைத் திரட்டி நிறுத்தினான்.

முதற்போரில் காவற்காரர் வீழ்ந்தார். அடுத்துத் தட்டச்சு அக்கா. ஆள் ஒன்றுக்கு ஆறு நிமிடம்! இப்படியே போனால் விடிந்துவிடும் என்றுணர்ந்த தலைவன், செய்த சொடுக்குகளையெல்லாம் கணினிக்கே கற்பித்து, மொத்தக் கோப்புறையையும் ஒரே வீச்சில் வெட்டிச் சாய்க்கும் உபாயம் வகுத்தான். ‘மூலப்படங்களின் மேலேயே சேமிக்கவா?’ என்று அஞ்சி நடுங்கிக் கேட்டது அப்பேதைப் பெட்டி. ஐயம் அறியா விரல் ‘ஆம்’ மேல் இடியென இறங்கிற்று.

அந்தோ! பெட்டியின் விசிறி பேரிரைச்சலிட, மேசை அதிர, தேநீர்க் குவளை தானே நகர, கணக்குப்பிரிவு கலங்க, கிடங்கார் தொலைய, ஓட்டுநர் அணி ஒட்டுமொத்தமாக மாள, தொண்ணூற்றேழு விழுக்காட்டில் நின்று மூச்சுத்திணறிய அவ்வெந்திரம், எம் தலைவன் பக்கவாட்டில் விட்ட ஒரு தட்டில் உயிர்பெற்று, முந்நூற்றுப் பன்னிரண்டாம் தலையையும் கொய்து அடங்கியது. மேலாளரின் தலைதான் அது.

“மச்சான், வந்து பாருங்க! ஒண்ணுகூட பாக்கியில்ல!” என்று வெற்றிமுரசு கொட்டினான். மேலாளர் வந்தார். திரையெங்கும் ஒரே ஆரஞ்சு நெற்றி, ஒரே நீலக் கன்னம், மூக்கிருந்த இடமெல்லாம் வெளிர்மஞ்சள் வெற்றிடம்.

“இதுல நான் எது?”

தலைவன் தேடினான். காவற்காரரைக் காட்டினான். பிறகு தட்டச்சு அக்காவைக் காட்டினான்.

“பழைய மாதிரின்னா போன வருஷ அட்டை மாதிரி, மாப்பிள்ளை! சரி, நிஜப் படமெல்லாம் எங்க?”

அன்று ‘ஆம்’ மேல் இறங்கிய அதே விரல், திரையிலிருந்த ஆரஞ்சு நெற்றிகளையே மெல்லச் சுட்டிற்று. “எல்லாரையும் நாளைக்குத் திரும்ப உக்கார வெச்சு எடுங்க” என்ற தீர்ப்பும், தங்கைக்குத் தொலைபேசி எண் அழுத்தப்படும் ஓசையும் மட்டுமே அவ்வறையில் கேட்டன.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.